போர்க் ரோல், முட்டை, சீஸ்: ஜெர்சியை விட்டு வந்தபின் அதை வீட்டில் செய்வது எப்படி?

நியூஜெர்சியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு டெக்சஸுக்கு மாறி வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: அங்கே காலையில் டெலியில் (சாண்ட்விச் போட்டுத் தரும் சிறு கடையில்) வாங்கிச் சாப்பிட்ட போர்க் ரோல் (பதப்படுத்திய பன்றி இறைச்சி), முட்டை, சீஸ் சாண்ட்விச்சை வீட்டில் செய்ய முடியுமா? டப்பாவில் வரும் ஸ்பாம் இறைச்சி வைத்துச் செய்து பார்த்தாராம், கனடியன் பேக்கன் வைத்தும் பார்த்தாராம். “சாப்பிட நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இல்லை” என்கிறார். அப்படியென்றால் அவர் கேட்பது வெறும் செய்முறை இல்லை. எதை மாற்றினால் அந்த ருசி போகிறது, எதை மாற்றினாலும் பரவாயில்லை என்பதுதான் கேள்வி. மத்திய நியூஜெர்சியில் ஒரு டெலியில் காலை நேர கிரில்லில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்: முடியும். ஆனால் ஜெர்சியை விட்டுப் போனவர்கள் எல்லோரும் இறைச்சியைத்தான் தேடுகிறார்கள், அதை வைத்துச் சாப்பிடும் ரொட்டியான ரோலைப் பற்றி யோசிப்பதே இல்லை. போர்க் ரோலைக் கூரியரில் வரவழைத்துவிடலாம். நல்ல ரோல் அப்படி வராது. ருசி போவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் இறைச்சி. போர்க் ரோல் என்பது அரைத்த பன்றி இறைச்சியில் உப்பு, சர்க்கரை, மசாலா, நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு எல்லாம் சேர்த்து, லேசாகப் புளிக்கவைத்து, உருளையாக அடைத்துப் புகைபோட்ட பண்டம். அந்தப் புளிப்புதான் முக்கியம். தயிரைப் புளிக்கவைக்கிற அதே இனத்து நுண்ணுயிர்கள் இறைச்சியில் சேர்த்த சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. உப்பு, புகை இரண்டுக்கும் பின்னால் நாக்கில் மெல்லிய புளிப்பு ஒன்று நிற்கும். ஸ்பாமில் அது கிடையாது. அது புளிக்கவைக்காமல், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் சேர்த்து டப்பாவிலேயே வேகவைத்தது. அதனால் வறுத்தால் வெளியே மொறுமொறுப்பு வரும், உள்ளே மெத்தென்றே இருக்கும், புகை வாசனையும் இருக்காது. கனடியன் பேக்கன் அரைத்த இறைச்சியே இல்லை, பன்றியின் முதுகுத் தசையை அப்படியே பதப்படுத்தியது. கொழுப்பு குறைவு, கல்லில் போட்டால் சீக்கிரம் வறண்டுவிடும். உங்களுக்கு “அது இல்லை” என்று தோன்றியது சரிதான்.

பெயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்கும்போது குழப்பும். டிரென்டன் நகரத்து ஜான் டெய்லர் 1856-ல் இதைச் செய்ததாகத்தான் அவருடைய நிறுவனத்தின் கணக்கு. ஆரம்பத்தில் ஹாம் (பன்றித் தொடை இறைச்சி) என்ற பெயரில்தான் விற்றார்கள். 1906-ல் அமெரிக்காவில் உணவுத் தூய்மைச் சட்டம் வந்தபோது அரைத்த இறைச்சியை ஹாம் என்று அழைக்க முடியாமல் போய், லேபிளில் போர்க் ரோல் என்று மாற வேண்டியதாயிற்று. மாநிலத்தின் வடக்குப் பக்கத்துக்காரர்கள் மட்டும் விடாமல் டெய்லர் ஹாம் என்கிறார்கள், தெற்கே போகப் போக போர்க் ரோல். 2016-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பேச வந்த ஒபாமாவே இந்தச் சண்டையைத் தொட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார். உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்: இரண்டும் ஒரே பண்டம். டெய்லர் ஒரு கம்பெனி, 1870-ல் தொடங்கிய கேஸ் இன்னொரு கம்பெனி, இரண்டும் டிரென்டனில்தான். எது கிடைத்தாலும் வாங்கலாம். என் நாக்குக்கு கேஸ் கொஞ்சம் கூடுதலாகப் புளிக்கும், ஆனால் இதில் ஒவ்வொரு ஜெர்சிக்காரருக்கும் ஒரு தீர்ப்பு உண்டு, என்னுடையதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி அடுப்படிக்கு வருவோம். டெலி கிரில்லுக்கு மிக நெருக்கமானது உங்கள் வீட்டு இரும்பு தோசைக்கல்தான். நான்ஸ்டிக் வேண்டாம், இறைச்சி சிவக்காது. போர்க் ரோலை 4 மில்லிமீட்டர் கனத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள், ஒரு சாண்ட்விச்சுக்கு மூன்று துண்டு. துணிப்பையில் வந்த போர்க் ரோல் என்றால் வெட்டுவதற்கு முன் துணியை உரித்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி நான்கு சிறிய கீறல் போடுங்கள், ஒரு விரல் அகலம் ஆழம் போதும். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கல்லில் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். ஓரம் முதலில் சுருங்கி இறுகும், நடுப்பகுதிக்குப் போக இடமில்லாமல் மேலே எழும்பிக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி நிற்கும். கல்லைத் தொடுவது ஓரம் மட்டும்தான். ஓரம் கருகும், நடு வெளிறியே கிடக்கும். கீறல் போட்ட துண்டில் நான்கு வாயும் திறந்துகொண்டு சுருக்கத்தை விட்டுக்கொடுக்கும், துண்டு முழுதும் கல்லில் படியும். சிலர் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே ஒரு நீள வெட்டு போடுவார்கள். அதுவும் வேலை செய்யும். நான் நான்கு கீறல்தான் போடுவேன், வறுபடும் விளிம்பு கூடுகிறது.

எண்ணெய் தேவையில்லை. கல் மிதமான சூட்டில் காய்ந்ததும் துண்டுகளைப் பரப்பி, தோசைத் திருப்பியால் ஒரு முறை நன்றாக அழுத்திவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அடியில் கரும்பழுப்புப் புள்ளிகள் விழும், ஓரம் மொறுமொறுப்பாகும், துண்டு தானாகவே கல்லை விட்டு வரும். அப்போது திருப்புங்கள். அடுத்த பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். பெரிய தீயில் வைத்தால் இதில் இருக்கும் சர்க்கரை சட்டென்று கருகிக் கசந்துவிடும். காலை ஆறரை மணிக்கு மெட்ரோபார்க் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் வரிசையில் நின்றாலும் இந்த ஒரு இடத்தில் தீயைக் கூட்டக் கூடாது என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம்.

இறைச்சியைக் கல்லின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, அது விட்ட கொழுப்பிலேயே இரண்டு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். நம்மூர்க் கணக்கில் ஆஃப்பாயிலா, ஃபுல்பாயிலா என்பது உங்கள் விருப்பம். நடந்துகொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு டெலியில் மஞ்சள் கருவை லேசாக உடைத்து, திருப்பிப் போட்டுத்தான் கொடுப்போம், ஒழுகிச் சட்டையில் விழாது. வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் மஞ்சள் கரு பாதி இளகியிருப்பதே எனக்குப் பிடிக்கும், இறைச்சியின் உப்பை அது தணிக்கிறது. முட்டைக்கு உப்பு போட வேண்டாம். போர்க் ரோலிலும் சீஸிலும் இருக்கும் உப்பே அதிகம். மிளகுத்தூள் தாராளமாகப் போடலாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், இது தினமும் சாப்பிடுகிற பண்டம் இல்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

சீஸ் அமெரிக்கன் சீஸ்தான். செடார் இன்னும் உயர்ந்தது என்று நினைத்து அதைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ருசி குறையாது, ஆனால் இந்த வேலைக்கு அது ஒத்துவராது. அமெரிக்கன் சீஸில் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்த்திருப்பதால் சூட்டில் எண்ணெய் பிரியாமல் ஒரே சீராக இளகும். முட்டையையும் இறைச்சியையும் ஒட்டவைக்கிற பசை இதுதான். முதிர்ந்த செடாரைச் சூடாக்கினால் எண்ணெய் தனியே கசியும், மீதி இழுபடும். பிளாஸ்டிக் உறையில் தனித்தனியாக வரும் துண்டைவிட, டெலி கவுன்டரில் கட்டியிலிருந்து வெட்டித் தருவது நல்லது. இரண்டு துண்டு போதும். முட்டையின் மேல் வைத்து, மூடியால் அரை நிமிடம் மூடி வையுங்கள்.

இப்போது ரோல். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜெர்சி டெலியில் ஹார்ட் ரோல் என்று கேட்டால் கிடைப்பது, மேலே நட்சத்திர மடிப்புடன், பெரும்பாலும் கசகசா தூவிய, விடியற்காலையில் பேக்கரியிலிருந்து வந்து இறங்கிய ரோல். தோல் மெல்லியது, விரலால் அழுத்தினால் நொறுங்கும். உள்ளே மென்மையாக இருக்கும், ஆனால் இழுத்தால் கொஞ்சம் எதிர்க்கும். இந்த வடிவ ரோலுக்குக் கைசர் என்றும் பெயர். மற்ற ஊர்களில் சூப்பர் மார்க்கெட்டில் கைசர் ரோல் என்று பையில் போட்டு விற்பது பெரும்பாலும் வடிவத்தில் மட்டும்தான் கைசர். தொட்டால் பர்கர் பன் போல அமுங்கும். அதில் இந்தச் சாண்ட்விச்சைச் செய்தால் கொழுப்பையும் மஞ்சள் கருவையும் உறிஞ்சிக் கூழாகிவிடும், கடிக்கும்போது எதிர்ப்பே இருக்காது. நீங்கள் ஸ்பாமைக் குறை சொன்னபோது அதில் பாதிக் குறை உங்கள் பன்னுடையதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். எதில் செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் ஊகம் என்றுதான் சொல்கிறேன்.

டெக்சஸில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: மெக்சிகன் பேக்கரிகள். அங்கே கிடைக்கும் பொலியோ என்ற ரொட்டி ஹார்ட் ரோலுக்கு நல்ல மாற்று. வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே மென்மை, விலையும் குறைவு. வட்டமாக இல்லாமல் படகு வடிவில் இருக்கும், அதனால் போர்க் ரோல் துண்டுகளைப் பாதியாக வெட்டி வரிசையாக அடுக்குங்கள். அன்று சுட்டதை அன்றே வாங்குங்கள், மறுநாள் ஆனால் தோல் இழுபடும்.

வீட்டிலேயே சுடுவதென்றால், நான் செய்யும் அளவு இது: 500 கிராம் பிரெட் மாவு, 270 மில்லி தண்ணீர், ஒரு முட்டை, 20 கிராம் சர்க்கரை, 25 கிராம் எண்ணெய், 10 கிராம் உப்பு, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, இரண்டு மடங்காக உப்பும் வரை மூடி வைத்து, ஒன்பது உருண்டையாகப் பிரியுங்கள். நட்சத்திர அச்சு இருந்தால் அடிவரை போகிற மாதிரி அழுத்தி, அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து உப்ப விடுங்கள். அடுப்பில் வைக்கும்போது நிமிர்த்திக்கொள்ளலாம், மடிப்பு மறையாது. அச்சு இல்லையென்றால் வெறும் உருண்டையே போதும், ருசிக்கு வித்தியாசமில்லை. 220 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 நிமிடம். முதல் ஐந்து நிமிடத்துக்கு ஓவனுக்குள் ஒரு தட்டில் வெந்நீர் ஊற்றி ஆவி கட்டவிடுங்கள், அப்புறம் தட்டை எடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் ஆவி இருந்தால் தோல் சீக்கிரம் இறுகாமல் ரோல் நன்றாக எழும்பும். கடைசியில் வறண்ட சூடு இருந்தால்தான் தோல் மொறுமொறுக்கும். ஆறியதும் மிச்சத்தை பிரீசரில் போட்டு, வேண்டியபோது 180 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் சூடுகாட்டலாம். மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள்.

அடுக்குவது எளிது. ரோலைக் குறுக்கே வெட்டி, வெட்டிய பக்கத்தைக் கல்லில் அரை நிமிடம் காட்டுங்கள். அடியில் இறைச்சி, அதன் மேல் சீஸ் படிந்த முட்டை, கெச்சப் வேண்டுமென்றால் மேல் பாதியின் உட்புறத்தில். கெச்சப் சேர்ப்பது சரியா தப்பா என்பதற்கு ஜெர்சியிலேயே முடிவில்லை. உப்பு, மிளகு, கெச்சப் மூன்றையும் ஒரே மூச்சில் ஒரு சொல்லாகச் சொல்லித்தான் ஆர்டர் கொடுப்பார்கள். பிறகு முக்கியமான ஒரு வேலை: உடனே கடிக்காதீர்கள். அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றி மூன்று நிமிடம் வையுங்கள். டெலியில் சுற்றிக் கொடுப்பது எடுத்துக்கொண்டு போகும் வசதிக்காக என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் உள்ளே ஆவி கட்டி, சீஸ் முழுதாக இளகி இறைச்சியின் கீறல்களுக்குள் இறங்கி, ரோலின் தோல் ஒரு சிறிது தணிந்து எல்லாம் ஒன்றாகிவிடும். நீங்கள் ஜெர்சியில் சாப்பிட்டதெல்லாம் இப்படிச் சுற்றிப் பிரித்ததுதான். பத்து நிமிடத்துக்கு மேல் விட்டால் ரோல் ரப்பர் போல இழுபட ஆரம்பிக்கும்.

போர்க் ரோல் கிடைக்கவே இல்லை என்றால் என்ன வைப்பது? இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: புளித்த, புகைபோட்ட இறைச்சியைத் தேடுங்கள். பென்சில்வேனியாவின் லெபனான் பொலோனியா என்ற சாசேஜில் புளிப்பும் புகையும் நன்றாக இருக்கும், ஆனால் அது மாட்டிறைச்சி. டெக்சஸில் எளிதாகக் கிடைப்பது சம்மர் சாசேஜ். அதிலும் புளிப்பு உண்டு, பூண்டும் கடுகும் குறைவாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அது கொஞ்சம் வறண்டது, 2 மில்லிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். பன்றி இறைச்சியில் செய்த சாதாரண பொலோனியாவைக் கனமாக வெட்டி வறுத்து, அதோடு ஒரே ஒரு துண்டு சம்மர் சாசேஜ் வைத்தால் ஓரளவு நெருங்கி வரும் என்பது என் அனுபவம். ஸ்பாமில் வினிகர் தடவி வறுத்தால் அதே ருசி வந்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. வினிகரின் புளிப்பு மூக்கில் ஏறும், இதன் புளிப்பு நாக்கோடு நின்றுவிடும்.

இறைச்சியையே வீட்டில் செய்யலாமா என்றும் நீங்கள் கேட்கக்கூடும். இங்கே என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் கிரில்லில் நின்றவன், புகைக்கூடத்தில் வேலை பார்த்தவன் இல்லை. கம்பெனிகள் என்ன மசாலாவை என்ன அளவில் போடுகின்றன என்பது வெளியே வராத விஷயம், இணையத்தில் அசல் செய்முறை என்று சுற்றுவதெல்லாம் நாக்கால் கண்டுபிடித்த ஊகங்களே. முறை மட்டும் தெரிந்ததுதான்: பன்றித் தோள்பட்டை இறைச்சியை அரைத்து, உப்பும் சர்க்கரையும் வெள்ளை மிளகும் சேர்த்து, ஒரு கிலோவுக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் முதலாம் எண் க்யூரிங் சால்ட் கலக்க வேண்டும். 6.25 சதவீத நைட்ரைட் உள்ள அந்த இளஞ்சிவப்பு உப்பை மில்லிகிராம் வரை காட்டும் தராசில் நிறுக்க வேண்டும், கண் அளவு கூடவே கூடாது. இந்துப்பும் இளஞ்சிவப்புதான், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை, மாற்றிவிடாதீர்கள். அடைத்துப் புகைபோட்டு நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் வரும்வரை சமைக்க வேண்டும். நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைப்பதை, ஈரப்பதமும் வெப்பமும் கட்டுப்படுத்த வசதி இல்லாத வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். கொழுப்புப் பூச்சுள்ள சிட்ரிக் அமிலத்தைக் கடைசியில் கலந்து புளிப்பை வரவழைப்பது பாதுகாப்பானது. சாசேஜ் சாமான் விற்கும் இடத்தில் கிடைக்கும். சாதாரண சிட்ரிக் அமிலத்தைப் போட்டால் இறைச்சி பிடிப்பு விட்டு உதிர்ந்துவிடும்.

இத்தனை பாடு தேவையா என்றால், உங்களுக்குத் தேவையில்லை என்றே சொல்வேன். இணையத்தில் ஆர்டர் செய்தால் குளிர்பெட்டியில் வந்துவிடும். அனுப்பும் கூலி இறைச்சியின் விலையைத் தொடும் என்பதால் ஒரே தடவையில் நிறைய வாங்குங்கள், கோடைக்காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வெட்டிய துண்டுகள் அட்டைப்பெட்டியில் வருவதைவிட, துணிப்பையில் வரும் முழு போர்க் ரோலையே கேளுங்கள், கனம் உங்கள் கையில் இருக்கும். வந்த அன்றே மொத்தத்தையும் வெட்டி, துண்டுக்குத் துண்டு பட்டர் பேப்பர் வைத்து, ஒரு சாண்ட்விச்சுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி பிரீசரில் போடுங்கள். இரண்டு மாதம் வரை ருசி குறையாது. முந்தின இரவு ஒரு பொட்டலத்தை எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால், காலையில் கீறல் போட்டு நேராகக் கல்லில் போடலாம்.